நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்த குரல்

மூடுபனி இறங்கியிருக்கும் நாளில் இன்டர்நெட்டில் என்ன செய்தாலும் போலீசுக்குத் தெரியாது என்று ஒரு காலத்தில் நான் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது. அப்போது இன்டர்நெட் வந்ததே டெலிபோன் லைனில்தான். குன்னூரில் பனி இறங்கினால் அந்த டெலிபோனில் கரகரவென்று சத்தம் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து பேசுகிற அம்மாவின் குரலே அந்தக் கரகரப்பில் எனக்குப் பிடிபடாது. பெற்றவளையே அடையாளம் தெரியாத லைனில் என்னை எவன் அடையாளம் கண்டுவிடப் போகிறான்? இத்தனைக்கும் நான் பி.காம். படித்தவன்.

போன வாரம் மகள் என் போனில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள். லாட்டரி விழுந்திருக்கிறது என்று வருகிற மெசேஜுக்கெல்லாம் நான் வியர்த்துப்போவதைப் பார்த்து அவளுக்கே பரிதாபம் வந்திருக்க வேண்டும்.

"அப்பா, எந்த நாட்டு சர்வர் வெக்கட்டுங்க? நெதர்லாந்து இருக்குது, சிங்கப்பூர் இருக்குது."

"எதுக்குக் கண்ணு?"

"நீங்க எங்க இருக்கறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்கப்பா."

"தெரிஞ்சா மட்டும் எவன் தேடி வரப்போறான்?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன். சர்வரே வேண்டாம் என்று ஒருமுறை நான் முடிவு செய்திருக்கிறேன். அந்த முடிவு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அப்போது குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு டீயை அனுப்பிவைக்கும் ஒரு புரோக்கர் ஆபீசில் நான் குமாஸ்தா. சாம்பிள் டப்பாக்களின் வாசனை சட்டையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "டீ ஆபீசுங்களா?" என்று கேட்பார்கள். அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பிறகு தேயிலை விலை விழுந்தது. ஒரே நாளில் விழவில்லை. மாடிப்படியில் உருண்ட செம்பு மாதிரி ஒவ்வொரு படியிலும் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. தேயிலை பூப்பதை அந்த வருஷங்களில்தான் நான் முதல்முறையாகப் பார்த்தேன். அழகான பூ. பார்த்தவர்களில் பாதிப்பேர் அழுதார்கள். ஆபீசில் ஆள் குறைத்தபோது முதலில் என்னைத்தான் குறைத்தார்கள்.

யூசுப் பாய் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே. அவர் குடும்பத்துக்கு பஜாரில் ஜவுளிக்கடை. துணி வாங்க ஆளில்லாத அந்த நேரத்தில், ஆற்றை ஒட்டி இருந்த ஒரு பேக்கரிக்கு மேலே மாடியைப் பிடித்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். கீழே எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட் வேகும் வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வரும். இன்றைக்கும் வர்க்கி வாசனை வந்தால் எனக்குப் பசிப்பதில்லை. மோடம் கீச்சிடுகிற சத்தம்தான் காதில் கேட்கிறது.

வந்தவர்களில் பாதிப்பேர் மலையை விட்டு இறங்கப் போகிறவர்கள். திருப்பூருக்கு, கல்ஃபுக்கு, எங்கேயாவது. அவர்களுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுப்பது என் வேலை. மீதி நேரத்தில் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் பாய் ஒரு புரோக்ராமை ஓடவிட்டு சினிமாப் பாட்டு இறக்குவார். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்.

"உங்க ஏலத்துல எல்லா டீயும் ஒரு எடத்துக்கு வந்து, அங்கிருந்துதான போகும்? இதுல அந்த எடமே கெடையாது. உன் மிசின்ல இருக்கறத நான் எடுத்துக்கறேன், என் மிசின்ல இருக்கறத நீ எடுத்துக்கறே. நேருக்கு நேரு."

"நடுவுல புரோக்கர் இல்லீங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னைய மாதிரி ஆளெல்லாம் என்ன பண்றது?"

"அதான் இங்க வந்து உக்காந்திருக்கறியே."

நாலாம் நம்பரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதில் எதைப் போட்டாலும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது திரையின் அடியில் அவர்களுடைய கம்ப்யூட்டரின் எண் ஓடும். அவர்களுக்கு நம்முடைய எண் தெரியும். இந்த இரண்டாவது விஷயம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வெளிநாட்டில் பாட்டைப் பகிர்ந்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்று பேப்பரில் படித்தேன். கோயம்புத்தூரில் ஒரு சிடி கடையில் கம்ப்யூட்டரை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ஜன்னலைப் பார்த்து, பனி இறங்கியிருந்தால் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

செல்லையா அண்ணன் வந்தது அப்போதுதான். தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர். பக்கத்தில் கரன்சி என்ற ஊரில் ஒரு டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற மெஷினில் வேலை. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. மனைவியும் பிள்ளைகளும் ஏற்கெனவே திருப்பூர் போயிருந்தார்கள். ஒரு டிபன் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே முக்கால்வாசிக்கு அரிசி. அரிசிக்குள் விரலை விட்டு ஒரு கேசட்டை எடுத்தார். ஈரம் அண்டாமல் இருப்பதற்காம். நீலகிரி ஈரத்துக்கு அரிசி எம்மாத்திரம்? நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

"தங்கச்சி பேசுனது தம்பி. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசித்தான் அனுப்பும்."

அவர்களுக்குள் அது ஒரு வழக்கம். தங்கை சிலோனில் கட்டிக்கொடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கேசட். அண்ணன் பேசி அனுப்புவார். அவள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு பதிலும் முந்தைய குரலை அழித்துவிடும். வருஷக்கணக்காக அந்த ஒரு கேசட் கடலைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது.

"இதுக்கு நான் பதில் பேசுறதுக்குள்ள தந்தி வந்துருச்சு" என்றார். "ரெண்டாவது பிரசவத்துல போயிருச்சு. நான் பேசியிருந்தேன்னா இந்தக் குரலும் இருந்திருக்காது."

முதல் பிரசவத்தில் பிறந்த மகன் ஜெகன் இப்போது கத்தாரில் வேலை பார்க்கிறான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்றரை வயது. அம்மாவின் போட்டோகூட அவனிடம் கிடையாது. குரல் இருக்கிறது என்று மாமா போனில் சொன்ன நாளிலிருந்து, வாரம் ஒரு தடவை கூப்பிட்டு "எப்ப மாமா, எப்ப மாமா" என்கிறான். தபாலில் அனுப்ப அண்ணனுக்குப் பயம். கம்ப்யூட்டரில் அனுப்பினால் தொலையாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்துச் சந்து ரேடியோ மெக்கானிக் நாடாவைத் துடைத்துவிட்டு, "ஒருக்காதான் ஓடும்ங்க, அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல" என்றார். டேப் ரிக்கார்டரை நாலாம் நம்பருடன் இணைத்தோம். செல்லையா அண்ணன் மாடிப்படியில் போய் நின்றுகொண்டார். "நான் கேக்கல தம்பி, நீங்க புடிங்க" என்றார். யூசுப் பாய் என்னிடம் ஹெட்போனைச் சுட்டிக்காட்டி, "அடுத்தவங்க லெட்டரு. காதுல மாட்டாத. திரையில சத்தத்தோட கோடு ஆடுதான்னு மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்.

நான் மாட்டினேன். என் எண்ணை எவனாவது பார்த்துவிடுவான் என்று நடுங்கிய அதே ஆள்தான், ஒரு பெண் தன் அண்ணனுக்குப் பேசியதை முக்கால் மணி நேரம் முழுக்கக் கேட்டேன். "அண்ணே, கேக்குதா?" என்று தொடங்கினாள். எதிரில் இருப்பவரிடம் கேட்பது போலக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினாள். தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னாள். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதைச் சொன்னாள். நடுவில் மைக்கை யாரோ கடிப்பது போல கொறகொறவென்று ஒரு சத்தம், அதன் பின்னால் அடக்கமாட்டாத சிரிப்பு. கடைசியில், "பதில் வெரசா பேசி அனுப்புண்ணே. இவன் அழுதா ஒன் கேசட்டத்தான் போடுறது. ஒன் குரலக் கேட்டா நிப்பாட்டிடுறான்." அந்த இடத்தில் நாடா ரிக்கார்டருக்குள் சிக்கி அறுந்தது. எடுத்துப் பார்த்தால் தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. இனி அந்தக் குரல் நாலாம் நம்பருக்குள் மட்டும்தான்.

எங்கே வைப்பது, எப்படி அனுப்புவது என்று ஆரம்பித்தது பேச்சு. இலவச மெயிலில் அவ்வளவு பெரிய ஃபைல் போகாது. வெளிநாட்டு சர்வரில் இடம் பிடிக்க கிரெடிட் கார்டு வேண்டும். எங்கள் இருவரிடமும் இருந்தது ரேஷன் கார்டு. கோயம்புத்தூரில் பாய்க்குத் தெரிந்த ஒருவர் சர்வர் வைத்திருந்தார். அங்கே போட்டுவிட்டால் ஃபைல் பாட்டுக்கு இருக்கும், ஜெகன் தனக்குத் தோதான நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அவர் கேட்டது ஒரு படிவத்தில் கையெழுத்தும், அந்த ரேஷன் கார்டின் நகலும்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "பேரு, அட்ரஸெல்லாம் குடுத்தா அவரு மிசின நாளைக்குப் போலீசு எடுக்கறப்ப மொதல்ல நம்ம ஊட்டுக் கதவத்தான் தட்டுவாங்க பாய்."

"ஒரு பொம்பள அண்ணனுக்குப் பேசுனதுக்கு எந்தப் போலீசுடா வருது?"

"அதுக்கு வராதுங்க. வேற எதுக்கோ வந்தாலும் அந்தப் பேரப் புடிச்சுட்டே நம்ம பாட்டு ஃபோல்டருக்கு வந்துருமுங்க."

"சரி, வேற மிசின்லயாவது ஒரு காப்பி போட்டு வை."

"காப்பி கூடக்கூடத் தடயம் கூடுமுங்க."

பாய் ஹெட்போன் வயரைச் சுருட்டி மேசை ஓரம் வைத்தார். "உன்னய வேலைக்கு வெச்சதுக்குப் பதிலா ஒரு பூட்டு வாங்கிருக்கலாம்" என்றார். ஊட்டியில் ஒரு ஸ்டூடியோவில் சிடியில் எழுதித் தருவார்கள், அடுத்த வாரம் ஊட்டி போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அடுத்த வாரம் என்பது எங்கள் ஊரில் பெரிய ஃபேக்டரி. எல்லா வேலையையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவோம்.

அதுவரை பாட்டு இருந்த அதே பகிர்வு ஃபோல்டரில் வைத்து ஜெகனை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. நாங்களும் அவனும் ஒரே நேரத்தில் லைனில் இருந்தால்தான் இறங்கும். முதல் வெள்ளி, லைன் நாலு தடவை அறுந்தது. இரண்டாம் வெள்ளி பரவாயில்லை. அந்தப் புரோக்ராம் ஃபைலை ஆரம்பத்திலிருந்து வரிசையாகக் கொடுக்காது. துண்டு துண்டாக, கையில் வந்த இடத்திலிருந்து கொடுக்கும். முழுதாக வந்து சேர்ந்தால்தான் ஒழுங்கான பேச்சு. இரண்டு வெள்ளிகளில் பாதி இறங்கியிருந்தது. "அண்ணே, இன்னும் ரெண்டு வெள்ளிதான்" என்று ஜெகன் எனக்கு எழுதியிருந்தான்.

மூன்றாம் வெள்ளி. முந்தின இரவெல்லாம் மழை. அன்று பகலில் பளிச்சென்று வெயில். ஊரே துணி காயப்போட்டுச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் உடம்பில் சட்டை இல்லாதது போல இருந்தது. எங்கேயும் ஒரு துளிப் பனி இல்லை. யூசுப் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் ஒருவன். நாலாம் நம்பரில் ஜெகன் குரலை எடுத்துக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு எண் ஓடியது. யாரோ, எந்த நாட்டவனோ, எங்களிடமிருந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டிருந்தான். யாரிவன் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஜீப் வந்து நின்றது. போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து எங்கள் போர்டைப் படித்தார்.

எனக்கு நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது. ஏனென்றால் அதைச் செய்தது நான் அல்ல, என் கை. முதலில் டெலிபோன் வயரைப் பிடுங்கியது. பிறகு ஃபோல்டரை அழிக்கப் போனது. அழித்தாலும் மீட்டுவிடலாம் என்று பாய் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. நாலாம் நம்பர் சூடாகிறது என்று அதன் மூடியைக் கழற்றியே வைத்திருந்தோம். ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்கை அப்படியே உருவினேன். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே குன்னூர் ஆறு. மற்ற நாட்களில் அதை ஆறு என்று சொன்னால் ஆறே வெட்கப்படும். அன்று முந்தின ராத்திரி மழையில் செந்நிறமாகப் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. விட்டெறிந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது அந்த டிஸ்க், அது மட்டும் கைக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒரு தாளில் 'ரிப்பேர்' என்று எழுதி நாலாம் நம்பரில் ஒட்டிவிட்டு, ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்து யாருடைய பயோடேட்டாவையோ அடிக்க ஆரம்பித்தேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பெயரை அடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாட்டு ஃபோல்டர் போயிற்று என்று ஒரு பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. வயரை மறுபடி மாட்டலாம் என்று கையை நீட்டியபோதுதான், அந்தப் பக்கம் கத்தாரில் ஒருவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது உறைத்தது. ஜன்னலுக்கு ஓடினேன். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் எதற்காக வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

யூசுப் பாய் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக ஆற்றை எட்டிப் பார்த்தார். "அந்தண்ணனுக்கு நீயே சொல்லிரு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கரன்சிக்கு நடந்தே போனேன். செல்லையா அண்ணன் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஃபேக்டரியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டிருந்தது. சொன்னேன். அவர் சாக்கின் வாயைத் தைத்து முடித்தார்.

"போலீசக் கண்டா யாருக்குத்தான் பயமில்ல" என்றார் கடைசியில். "எங்களயும் ஒரு சீட்டுல நம்பரப் போட்டுத்தான் கப்பல்ல ஏத்துனாங்க. என் நம்பர் இந்தப் பக்கம், தங்கச்சி நம்பர் அந்தப் பக்கம். அப்ப நானுந்தான் பயந்துபோய் ஒண்ணும் கேக்காம ஏறிட்டேன்." சாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, "டீ குடிக்கிறியா தம்பி?" என்று கேட்டார். நான் குடித்தேன். அதைவிட அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

ஜெகனிடமிருந்து மெயில் வந்தது. இறங்கியவரை இருந்த துண்டுகளை ஒரு நண்பனை வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். இங்கே ஒரு சொல், அங்கே பாதி வாக்கியம், நடுநடுவே வெறும் மௌனம். "அண்ணே, ஒரு எடத்துல அம்மா சிரிக்கிறாங்க. ரொம்ப நேரம் சிரிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி என்னான்னு வரல. மிச்சத்தப் போடுங்க. நான் லைன்லயே வச்சிருக்கேன்."

என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். மிச்சம் இல்லை என்று எழுதினேன். அடுத்தவர் கடிதத்தைக் கேட்ட குற்றத்தையும் ஒப்புக்கொண்டு, எனக்கு நினைவிருந்ததையெல்லாம், கூரை ஒழுகியது, ஆடு குட்டி போட்டது உட்பட, ஒன்றுவிடாமல் எழுதினேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன என்பதையும் எழுதினேன்: "நீங்க மைக்கப் புடிச்சுக் கடிச்சுட்டீங்க. அந்தச் சத்தந்தான். அதுக்குத்தான் சிரிச்சாங்க."

ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. "சரிண்ணே. தேங்க்ஸ்." பிறகு ஒன்றுமில்லை. அந்த இலவச மெயில் கம்பெனி பின்னாளில் மூடிவிட்டது. ஜெகனின் மெயில்களும் அதனுடனே போயின. செல்லையா அண்ணன் திருப்பூரிலேயே இறந்தார் என்று கேள்வி. ஃபேக்டரியின் தகரத்தைப் பிரித்து விற்றுவிட்டு அங்கே காட்டேஜ்கள் கட்டியிருக்கிறார்கள். யூசுப் பாய் கோயம்புத்தூரில் பேரனைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் மாடியில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அந்தக் கோயம்புத்தூர் சர்வர்க்காரர் மட்டும் இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார். அன்று அவரிடம் கொடுத்தவர்களின் பழைய ஃபைல்களை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாராம். ரேஷன் கார்டு நகல் ஒன்று கொடுத்திருந்தால் போதும்.

அந்த ஜீப். இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் விருந்தாளிகள். அவரும் கான்ஸ்டபிள்களும் கீழே பேக்கரியில் வர்க்கி வாங்கிக்கொண்டு, சூடாக இருக்கிறதா என்று ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மாடிப்படியில் யாரும் ஏறவேயில்லை.